மூன்று அறை, உடைந்த கூரை

டேமன் கால்கட்டின் ‘தி பிராமிஸ்’ நாவலை இரண்டாம் முறை படித்து முடித்தேன். 2021இல் புக்கர் பரிசு வாங்கிய தென்னாப்பிரிக்க நாவல். முதல் தடவை கதைக்காகப் படித்தேன். இந்தத் தடவை கோபம் கோபமாக வந்தது. (முடிவையும் சொல்லப்போகிறேன். படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

1986. பிரிட்டோரியா பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பண்ணை. புற்றுநோயில் சாகக் கிடக்கும் அம்மா, தன்னைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்ட கறுப்பின வேலைக்காரி சலோமிக்கு, அவள் குடியிருக்கும் வீட்டையே எழுதிக்கொடுக்கச் சொல்கிறாள். அப்பா வாக்குக் கொடுக்கிறார். கடைசி மகள் அமோர் அதைக் கேட்டுவிடுகிறாள்.

அம்மாவின் இறுதிச் சடங்குக்கு சலோமியை வரவிடவில்லை. தேவாலயத்துக்குப் போடும் உடையை உடுத்திக்கொண்டு, பஞ்சு பிதுங்கும் பழைய நாற்காலியைத் தன் வீட்டு வாசலில் போட்டு உட்கார்ந்து, தனியாக ஜெபிக்கிறாள். அந்தப் பக்கத்தை என்னால் சட்டென்று தாண்ட முடியவில்லை.

அப்பா நினைத்தாலும் கொடுக்க முடியாது, சட்டத்தில் இடமில்லை என்கிறான் அண்ணன் ஆண்டன். உண்மைதான். 1913இல் வந்த நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தைத்தான் விட்டுவைத்தது. 1936இல் அது ஏறக்குறைய 13 ஆனது, அவ்வளவுதான்.

சரி, அந்தச் சட்டம் 1991இல் போய்விட்டது. 1994இல் மண்டேலா வந்துவிட்டார். அப்புறம் என்ன தடை? அப்பா சாகிறார், அக்கா சாகிறாள், ஆண்டனும் சாகிறான். அமோர் விடாமல் கேட்கிறாள், வீடு மட்டும் கைமாறவில்லை. சட்டம் இருந்தவரை அவர்களுக்கு அது வசதியாக இருந்தது. அது போனபிறகு தட்டிக்கழிக்க அவர்களுக்குக் காரணமே தேவைப்படவில்லை.

சலோமியின் மனசுக்குள் கதை போகவே இல்லை என்று ஒரு குறை சொல்வார்கள். அந்த வீட்டில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை, அதனால் அந்த மௌனம் வேண்டுமென்றே வைத்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஒரு பத்துப் பக்கமாவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, வீட்டைக் கொடுக்கிறேன் என்று அமோர் வந்து நிற்கிறாள். சலோமி கிழவியாகிவிட்டாள். மகன் லூகாஸுக்குக் கண்ணில் படுவதெல்லாம் மூன்று அறையும் உடைந்த கூரையும்தான். அந்த நிலத்துக்கு வேறு உரிமை கோரலும் வந்திருக்கிறது, கொடுத்தாலும் நிலைக்குமா தெரியாது. லூகாஸ் நன்றி சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.