ஆண்டுக்கு ஒரே ஒரு நடிப்பு

71ஆவது தேசியத் திரைப்பட விருதுப் பட்டியல் வந்ததிலிருந்து, சிறந்த நடிகர் விருதை ஷாருக்கானுக்கும் சேர்த்துக் கொடுத்தது சரியா, விக்ராந்த் மாஸிக்கு மட்டும் கொடுத்திருக்க வேண்டாமா என்றுதான் எங்கே பார்த்தாலும் பேச்சு. என் கேள்வி வேறு. 2023ஆம் ஆண்டுக்கான அந்தப் பட்டியலில் நடிப்புக்கு விருது வாங்கியவர்கள் ஏழு பேர். ஷாருக்கான், விக்ராந்த் மாஸி, ராணி முகர்ஜி, விஜயராகவன், எம்.எஸ். பாஸ்கர், ஊர்வசி, ஜான்கி போடிவாலா. ஆண், பெண், நாயகன், துணை என்ற தடுப்பையெல்லாம் எடுத்துவிட்டு ஏழு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருத்தரைத்தான் சொல்லலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

நான் ஊர்வசியைச் சொல்வேன். ‘பார்க்கிங்’ படத்தில் பாஸ்கர் செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ஒரு நேர்மையான அரசு ஊழியர், ஒரு கார் நிறுத்துகிற இடத்துக்காகப் படிப்படியாகக் கெட்டுப்போவதை அவ்வளவு நம்பும்படி செய்திருந்தார். அத்தனை வருடம் அவரை ஓரத்திலேயே வைத்திருந்ததற்கு நாம் வெட்கப்பட வேண்டும். ஆனாலும் ‘உள்ளொழுக்கு’ என்ற மலையாளப் படத்தின் ஊர்வசி வேறு உயரம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கேரளத்தின் குட்டநாட்டில் வெள்ளம். லீலாம்மாவின் (ஊர்வசி) மகன் இறந்துவிடுகிறான். அடக்கம் செய்ய வழியில்லாமல், தண்ணீர் வடியட்டும் என்று வீடே காத்திருக்கிறது. இதற்கு நடுவில் மருமகள் கர்ப்பமாக இருப்பது தெரிகிறது. மகன் போனாலும் அவன் பிள்ளை வருகிறதே என்று அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். பிள்ளை மகனுடையது இல்லை என்பது அப்புறம்தான் தெரிகிறது. சாதாரணமாக நம் படங்களில் இந்த இடத்தில் ஒரு மாமியார் என்ன செய்வாரோ, அதில் எதையும் ஊர்வசி செய்வதில்லை. கோபம் வருகிறது. ஆனால் கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதும் அதே முகத்தில் தெரிகிறது. ஏனென்றால் மகனின் நோயை மறைத்து இந்தப் பெண்ணைக் கட்டிவைத்த வீடு அது. வசனத்தில் இதெல்லாம் வருவதற்கு முன்பே அவர் கண்ணில் வந்துவிடுகிறது. (படம் திரைக்கு வந்தது 2024இல். தணிக்கை ஆண்டை வைத்துக் கணக்கிடுவதால் 2023 விருதில் இருக்கிறது.)

அவருக்குக் கொடுத்தது துணை நடிகை விருது. எந்த அடிப்படையில் அப்படி முடிவு செய்தீர்கள் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 2005இல் ‘அச்சுவின்டெ அம்மா’ படத்துக்கும் அவருக்குத் துணை நடிகை விருதுதான் கொடுத்தார்கள். அந்த அம்மாவே அவர்தானே! 2020க்கான விருதில் லட்சுமி ப்ரியா சந்திரமௌலிக்கும் இதே கதை. ‘சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும்’ படத்தின் சிவரஞ்சினி அவர். படத்தின் பெயரிலேயே இருக்கிற பாத்திரம் எப்படித் துணைப் பாத்திரம் ஆனது?

நாயகன், துணை என்ற பிரிவினையை நான் அவ்வளவாக மதிக்காததற்குக் காரணம் இதுதான். எல்லோருக்கும் கொடுப்பது அதே ரஜத கமலம்தான், அதாவது வெள்ளித் தாமரைப் பதக்கம். யார் எந்த அறையில் உட்கார வேண்டும் என்பதை நடுவர்கள் தீர்மானிக்கிறார்கள், அது சில வருடம் சரியாக இருக்கிறது, பல வருடம் தவறாக இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டின் பட்டியலையும் எடுத்து, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே ஒரு நடிப்பைத் தேர்ந்தெடுப்பதை நான் ரொம்ப நாளாகச் செய்துவருகிறேன். விருது வாங்கியவர்களுக்குள் மட்டும்தான். வாங்காதவர்களை உள்ளே விட்டால் பேச்சு சிவாஜியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். அவருக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை என்பது ஆறாத விஷயம், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

துணை நடிப்புக்கான விருதுகள் வந்தது 1984க்கான விருதுகளில். எனவே என் வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் வருடமே தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற வருடம். கௌதம் கோஷ் இயக்கிய ‘பார்’ படத்துக்காக நசிருதீன் ஷா, ஷபானா ஆஸ்மி இருவரும். ‘கரே பாய்ரே’ விக்டர் பானர்ஜி. ‘பார்ட்டி’ ரோகிணி ஹட்டங்கடி. ‘பார்’ படத்தின் கடைசிப் பகுதி: பீகாரிலிருந்து உயிர் தப்பிக் கல்கத்தாவுக்கு ஓடிவந்த கூலிக்காரத் தம்பதி, ஊர் திரும்பக் காசில்லாமல் ஒரு பன்றிக் கூட்டத்தை ஆற்றில் இறக்கி அக்கரைக்கு ஓட்டிச்செல்ல ஒப்புக்கொள்கிறார்கள். மனைவி கர்ப்பிணி. தண்ணீரில் அவர்கள் படும் பாடு நீளமாகப் போகிறது. கரையேறிய பிறகு, வயிற்றில் பிள்ளை அசையவில்லை, செத்துவிட்டது என்று அவள் அழுகிறாள். அவன் அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்கிறான். நசிருதீன் ஷாவின் அந்த முகத்தைப் பாருங்கள். ஒருவன் வெறுமனே கேட்கிறான், அவ்வளவுதான். அந்த ஆண்டு என் தேர்வு அவர். ஷபானாவைத் தாண்டி அவரை எடுப்பதற்குக் காரணமே அந்தக் காதுதான்.

என் அளவுகோலும் அங்கிருந்துதான் வந்தது. எதிரில் இருப்பவர் பேசும்போது இவர் முகம் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். பேசும்போது நன்றாக நடிப்பவர்கள் நிறையப் பேர். கேட்கும்போது நடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எடை கூட்டினார், குறைத்தார், மொட்டை போட்டார், ஆறு மாதம் பயிற்சி எடுத்தார் என்பதையெல்லாம் உழைப்புக் கணக்கில் மரியாதையோடு எழுதிக்கொள்கிறேன், நடிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2009இல் ‘பா’ படத்தில் சீக்கிரமே முதுமை வந்துவிடுகிற நோயுள்ள சிறுவனாக நடித்ததற்காக அமிதாப்புக்குச் சிறந்த நடிகர் விருது. அதே படத்தின் ஒப்பனைக்கும் விருது கிடைத்தது, அது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அந்த வருட வரிசையில் நான் எடுப்பது அதே படத்தில் பாட்டியாக வரும் அருந்ததி நாக். முகத்தில் எந்தப் பூச்சும் இல்லாமல், மகளையும் பேரனையும் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே ஒரு முழுப் பெண்மணியைக் கொண்டுவந்துவிடுகிறார்.

அடுத்து ஊர்ப்பாசம். இதைக் கழற்றி வைப்பதுதான் ரொம்பக் கஷ்டம். 2003இல் ‘பிதாமகன்’ விக்ரம் சிறந்த நடிகர். பேச்சே அதிகம் இல்லாத சித்தனை உடம்பாலேயே நடித்துக் காட்டியவர். அவருக்குக் கிடைத்தபோது நாமெல்லாம் கொண்டாடினோம், கொண்டாடியது சரிதான். ஆனால் அதே ஆண்டின் துணை நடிகர், ‘மக்பூல்’ படத்தின் பங்கஜ் கபூர். கூன் விழுந்த, தொந்தி வைத்த, குள்ளமான ஒரு கிழட்டு தாதா. குரலை உயர்த்துவதே இல்லை. ஆனால் அவர் இருக்கிற அறையில் மற்ற எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எதிரில் நிற்பவர்களையும் சேர்த்து மாற்றிவிடுகிற நடிப்பு அது. அந்த வருடம் எனக்கு பங்கஜ் கபூர்தான்.

2010 இன்னும் வலிக்கும். அந்த வருடம் நடிப்பு விருது ஆறு பேருக்கு, அதில் நான்கு தமிழ்ப் படங்களுக்கு. ‘ஆடுகளம்’ தனுஷ், ‘தென்மேற்குப் பருவக்காற்று’ சரண்யா பொன்வண்ணன், ‘மைனா’ தம்பி ராமையா, ‘நம்ம கிராமம்’ சுகுமாரி. கூடவே மராத்தியிலிருந்து ‘பாபூ பேண்ட் பாஜா’ மிதாலி ஜக்தாப், மலையாளத்திலிருந்து ‘ஆதாமின்டெ மகன் அபு’ சலீம் குமார். அதற்கு முன்னும் பின்னும் நமக்கு அப்படி ஒரு வருடம் அமைந்ததாக எனக்கு நினைவில்லை. அப்படியிருந்தும் நான் சலீம் குமாரைத்தான் எடுப்பேன்.

அபு ஒரு அத்தர் வியாபாரி. ஹஜ் போக வேண்டும் என்று கிழவனும் கிழவியும் காலமெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். மாட்டை விற்கிறார்கள். வீட்டு முற்றத்துப் பலா மரத்தையும் விற்கிறார்கள். வெட்டிப் பார்த்தால் மரம் உள்ளே கோறையாக இருக்கிறது, விறகுக்குத்தான் ஆகும். மர வியாபாரியாக கலாபவன் மணி. பரவாயில்லை, பேசிய பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அபு மறுக்கிறார். அந்த மறுப்பில் பெருமையும் இல்லை, தியாகம் செய்கிற பாவனையும் இல்லை. உரிமையில்லாத பணத்தில் அந்தப் பயணம் போக முடியாது என்பது அவருக்குத் தினசரி நடைமுறை போல இயல்பாக இருக்கிறது. ஏமாற்றம் மட்டும் தோளில் இறங்குகிறது. மலையாளிகள் பார்த்தவுடன் சிரிக்கப் பழகியிருந்த நடிகர் அவர். அந்தப் பழக்கத்தை முதல் சில நிமிடங்களிலேயே மறக்கடித்துவிடுகிறார்.

அதற்காகத் தமிழ்ப் படங்களை வேண்டுமென்றே ஒதுக்குகிறேன் என்று யாரும் வந்துவிடாதீர்கள். 2015இல் ‘பிக்கு’ அமிதாப், ‘தனு வெட்ஸ் மனு ரிட்டர்ன்ஸ்’ கங்கனா, ‘பாஜிராவ் மஸ்தானி’ தன்வி ஆஸ்மி, ‘விசாரணை’ சமுத்திரக்கனி. கங்கனாவின் இரட்டை வேடம் எவ்வளவு நுணுக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சமுத்திரக்கனிதான். குண்டூர் நீதிமன்றத்தில் மொழி தெரியாமல் நிற்கிற நான்கு பையன்களுக்காகப் பேசுகிற இன்ஸ்பெக்டர், சென்னை வந்ததும் தன் மேலதிகாரிகள் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறார். எல்லாம் கைமீறிப் போவது தெரிந்தும் வேலையை விட முடியாத ஒரு மனிதன், உத்தரவைக் காதில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது எப்படி இருப்பான் என்பதை அந்த ஸ்டேஷன் காட்சிகளில் பாருங்கள். மற்ற படங்களில் அவர் நிறையப் பேசுவார், இதில் பெரும்பாலும் விழுங்குகிறார்.

அப்புறம் 1987. சிறந்த நடிகர் ‘நாயகன்’ கமல்ஹாசன், சிறந்த நடிகை ‘வீடு’ அர்ச்சனா. இரண்டும் தமிழ். வேலு நாயக்கரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? மகன் உடலைப் பார்த்து அழுகிற அழுகையை இன்றைக்கும் மேடையில் போலச் செய்து காட்டுகிறார்கள். அர்ச்சனாவின் சுதாவை யாராலும் போலச் செய்ய முடியாது, ஏனென்றால் பிடித்துக்கொள்ள அதில் ஒரு கொக்கியும் இல்லை. மனைக்கு, கடனுக்கு, சிமெண்டுக்கு, அனுமதிக்கு என்று அலைகிற ஒரு நடுத்தர வர்க்கப் பெண். கடைசியில் அந்த நிலம் குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்டது என்று ஓர் அதிகாரி சொல்கிறார். அவர் சொல்வது காதில் விழுந்து, புரிந்து, உடம்புக்குள் இறங்குகிற வரை பாலு மகேந்திராவின் கேமரா காத்திருக்கிறது, அர்ச்சனாவும் அவசரப்படவில்லை. கமல் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். 1987 அர்ச்சனாவுடையது.

2018இல் எனக்குக் குழப்பமே இல்லை. ஆயுஷ்மான், விக்கி கௌஷல், கீர்த்தி சுரேஷ், ஸ்வானந்த் கிர்கிரே எல்லோரையும் தாண்டி ‘பதாய் ஹோ’ படத்தின் சுரேகா சிக்ரி. வயதான காலத்தில் கர்ப்பமான மருமகளைக் கரித்துக்கொட்டிய அதே பாட்டி, கல்யாண வீட்டில் மற்றவர்கள் அவளைக் கேலி பேசும்போது ஒருகணம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு வெடிக்கிறார். அந்த வெடிப்பைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். அதற்கு முந்தைய கணத்தைத் தேடிப் பாருங்கள்.

2017 மட்டும் மனசைப் போட்டு அறுக்கிறது. ஸ்ரீதேவி இறந்த சில வாரங்களில் ‘மாம்’ படத்துக்கு விருது அறிவித்தார்கள். 1982இல் ‘மூன்றாம் பிறை’க்காகக் கமலுக்கு விருது வந்தபோது உடன் நடித்த ஸ்ரீதேவிக்கு வராமல் போனது பெரிய அநியாயம். அதனாலேயே 2017ஐ அவருக்குக் கொடுக்க என் கை போகிறது. ஆனால் ‘தொண்டிமுதலும் த்ருக்ஸாக்ஷியும்’ ஃபகத் ஃபாசில் அதே வரிசையில் இருக்கிறார். பஸ்ஸில் தாலிச் சங்கிலியை அறுத்து விழுங்கிவிட்டு, ஸ்டேஷனில் பேரைக் கேட்டால் புகார் கொடுத்தவனின் பேரையே தன் பேராகச் சொல்கிற திருடன். அடி வாங்கும்போதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவன் என்ன நினைக்கிறான் என்று கடைசிவரை நம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1982இன் கடனை 2017இல் அடைக்கக் கூடாது. ஃபகத்.

2019க்கு வருகிறேன், இதில்தான் சண்டை வரும். ‘அசுரன்’ தனுஷ், ‘சூப்பர் டீலக்ஸ்’ விஜய் சேதுபதி, கங்கனா, பல்லவி ஜோஷி, தனுஷோடு விருதைப் பகிர்ந்த மனோஜ் பாஜ்பாய். மகனை மீட்க ஊரில் ஒவ்வொருவர் காலிலும் சிவசாமி விழுந்து எழும் இடம் தனுஷின் வாழ்நாள் சாதனை. அப்படியும் என் தேர்வு ‘போன்ஸ்லே’ மனோஜ் பாஜ்பாய். ஓய்வுபெற்ற மும்பை கான்ஸ்டபிள், ‘சால்’ எனப்படும் வரிசை அறைக் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருக்கிறார். சமைக்கிறார், துவைக்கிறார், சாப்பிடுகிறார், பக்கத்து அறையில் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். படத்தில் பாதிக்கு மேல் அவர் செய்வது இவ்வளவுதான். இதற்குள் ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையும் வந்துவிடுகிறது. 2020இல் சோனி லிவ்வில் வெளியான படம், நம்மில் நிறையப் பேர் பார்த்திருக்க மாட்டோம். பார்த்துவிட்டு வந்து ‘இல்லை, தனுஷ்தான்’ என்று சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். பார்க்காமல் மட்டும் சொல்லாதீர்கள்.