பெரியம்மாவிடம் டொமைன் கேட்கும் செயலி

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளிலேயே இணைய அழைப்பு பேசலாம் என்று வீட்டில் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. செயலியைத் திறந்ததும் சிப் (இணைய அழைப்பை இணைத்துவைக்கும் நெறிமுறை) முகவரி என்ன, டொமைன் (சேவை தரும் தளத்தின் பெயர்) என்ன, தகவலை அனுப்பும் வழி யுடிபியா டிஎல்எஸ்ஸா என்று கேட்கிறது. ஊரில் இருக்கும் பெரியம்மா இதற்கு என்ன பதில் சொல்வார்? அவருக்குத் தேவை பேரனின் பெயரும் ஒரு பச்சைப் பொத்தானும்தான்.

அப்புறம் அந்த ஒருபக்கக் குரல்! நாம் பேசுவது அங்கே கேட்கும், அவர்கள் பேசுவது இங்கே வராது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போன், வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியை வெளியே சொல்லிவிடுகிறது. எதிர்முனையின் குரல் அந்த முகவரிக்கு வந்துசேர முடிவதில்லை. இதைச் சரிசெய்யத்தான் போனுக்கு அதன் வெளிமுகவரியைச் சொல்லும் ஸ்டன் சர்வரும், குரலை நடுவில் வாங்கிக் கடத்தும் டர்ன் சர்வரும் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே அமைத்துத் தரக் கூடாதா? சில செயலிகளில் அந்த சர்வர் முகவரிக்கான கட்டம் காலியாகவே கிடக்கிறது.

நுட்பத்துக்கா பஞ்சம்? இன்று புழங்கும் சிப் நெறிமுறை 2002-இலேயே வந்துவிட்டது. குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக் 2012-இல் தரநிலையானது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஜிட்சி மீட் என்ற கட்டற்ற காணொளி அழைப்புச் செயலியில், நமக்கு வந்த இணைப்பைச் சொடுக்கினால் கணினி உலாவியிலேயே பேச்சு தொடங்குகிறது. ஆக, முடியும். சரி, செயலி உருவாக்குபவர்களே, முதல் திரையை வரையும்போதாவது பெரியம்மா மாதிரி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்களேன்.