பார்க்கரின் நிதானம் ஞானமா?

‘தி ஹிட்’ (1984) படத்தில் டெரன்ஸ் ஸ்டாம்ப் செய்த வில்லி பார்க்கரை மரணத்தை வென்ற ஞானி என்கிறது படத்தைப் பற்றிய உங்கள் கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.) கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஸ்பெயினில் பத்து வருடம் ஒளிந்திருந்தவன் அவன். அவனைப் பிடித்துக் கொண்டுபோகும் கூலிக்கொலையாளிகள் பாரிஸில்தான் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்ததால்தான் வழியெல்லாம் அவ்வளவு நிதானம். அவர்களில் மூத்தவனான பிராடக் நடுவழியிலேயே துப்பாக்கியை எடுத்ததும் எல்லாம் பறந்துவிடுகிறது; இன்றைக்கு இல்லை, நாளைக்குத்தான் என்று பதறுகிறான். சாவுக்கும் அவன் தேதி குறித்து வைத்திருந்தான், அவ்வளவுதான்.

இன்னொன்று, அவன் ஒளிந்த இடம். 1978 முதல் 1985 வரை பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தமே கிடையாது. லண்டன் கொள்ளைக்காரர்கள் பலர் ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த காலம் அது. காட்டிக்கொடுத்தவனும் போய் அதே நாட்டில் பதுங்குகிறான், நல்ல தைரியம்தான்!

பிராடக்காக நடித்த ஜான் ஹர்ட் பற்றி ஒரே வரியோடு முடித்துவிட்டீர்களே? கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த மனிதர் வாயே திறக்காமல் மிரட்டுகிறார். பிராடக்கின் இளம் கூட்டாளியாக வரும் டிம் ராத்துக்கு இதுதான் முதல் திரையரங்குப் படம் என்பதையும் சேர்த்திருக்கலாம். படத்தில் ஒலிக்கும் பாகோ தெ லூசியாவின் கிதாருக்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன்.