பணம் போன பிறகும் ஆர்டர் நிற்கும்

கார்டு மறுக்கப்பட்டால்தான் ஹோஸ்டிங் (இணையதளத்தை வைக்கும் சர்வர் இடம்) ஆர்டர் நிற்கும் என்கிறது ஒரு கட்டுரை. ஆனால் பணம் எடுக்கப்பட்ட பிறகும், மோசடியோ என்று சந்தேகம் வந்தால் ஹோஸ்டிங் நிறுவனம் அதை நிறுத்திவைக்கும். விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் செயலி) போட்டு வாங்கினால் ஐபி (உங்கள் இணைய இணைப்பின் முகவரி எண்) ஒரு நாட்டையும் பில்லிங் முகவரி இன்னொரு நாட்டையும் காட்டும். கூடவே தற்காலிக மின்னஞ்சலும் சேர்ந்தால் மோசடி மதிப்பெண் (ஆர்டர் எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்ற கணிப்பு) எகிறிவிடும். விபிஎன்னை அணைத்து, வங்கிப் பதிவில் உள்ளபடியே பெயர், முகவரியை நிரப்புங்கள்.

அடையாள அட்டை கேட்டால் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், கணக்கில் நேரடியாக நுழைந்து ஏற்றுங்கள். நகலின் குறுக்கே நிறுவனத்தின் பெயர், தேதி, 'சரிபார்ப்புக்கு மட்டும்' என எழுதிவிடுங்கள்; பெயரும் படமும் மறையக்கூடாது. கார்டு படத்தில் கடைசி 4 எண்களும் பெயரும் தெரிந்தால் போதும். அந்தப் படத்தில் சிவிவியும் (கார்டில் உள்ள ரகசியப் பாதுகாப்பு எண்) தெரிய வேண்டும் என்று கேட்கிற இடத்தில் வாங்கவே வேண்டாம்.

டொமைனும் (இணையதளப் பெயர்) வாங்கியிருந்தால், .காம் போன்றவற்றுக்கு ஐகான் (டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் உலக அமைப்பு) விதிப்படி வரும் உறுதிப்படுத்தல் மடலுக்கு 15 நாளுக்குள் பதில் தராவிட்டால் டொமைன் முடக்கப்படலாம். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.