கிளைமடா வீட்டு வாசலைப் பார்த்துச் சொல்லாது
அண்ணே, ‘கிளைமடாவில் கடலூர் முகவரியைப் போட்டால் வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் வரும் என்று சொல்லிவிடும்’ என்கிறீர்கள், அது தவறு. கிளைமடா (CLIMADA) சூரிச் இடிஹெச் (ETH) பல்கலைக்கழகத்தில் உருவான இலவச, திறந்த மூல பைத்தான் மென்பொருள், சரி. ஆனால் அது ஆபத்து, அங்குள்ள சொத்து, அந்தச் சொத்தின் தாங்குதிறன் மூன்றையும் சேர்த்துச் சேதத்தைக் கணக்கிடுவது. கையில் சொத்துப் பட்டியல் இல்லையென்றால் அதிலுள்ள லிட்பாப் (LitPop) என்ற முறை, இரவு வெளிச்சத்தையும் மக்கள்தொகையையும் வைத்துச் சுமார் 1 கிலோமீட்டர் கட்டங்களில் சொத்து மதிப்பைப் பிரித்துப் போடும். கடலூரில் கெடிலம் ஆற்றங்கரைக் குடிசையும் மஞ்சக்குப்பம் மாடி வீடும் ஒரே கட்டத்தில் விழலாம். மூன்று படி ஏறிப் போகும் எங்கள் திண்ணை அதற்கு எங்கே தெரியும்? அப்புறம், அதன் புயல் கணக்கு முக்கியமாகக் காற்று வேகத்தை வைத்து ஓடுவது. 2011 ‘தானே’ புயலுக்கு அது சரி, 2024 ஃபெஞ்சல் புயலில் நம்மை மூழ்கடித்தது மழையும் தென்பெண்ணை ஆறும். வெள்ளத் தரவைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.