ஆமாம், நான்தான் பிடுங்கினேன்

அந்த முப்பது விநாடி வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மும்பை செம்பூர் ஹால், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, கடைசிப் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. சித்தியின் கையிலிருந்து ஒரு ட்யூபை வெடுக்கென்று பிடுங்குவது நான். வீறிட்டு அழுவது பல் முளைக்கிற என் ஒன்பது மாதப் பையன். அவன் ஈறில் தடவத்தான் சித்தி அந்த ட்யூபை எடுத்தார். "இந்தப் பிள்ளைய கூகுளே பெத்திருக்கலாம்" என்று யாரோ சொல்ல, ஹாலே சிரிக்கிறது. நான்கு குடும்ப வாட்ஸப் குழுக்களைத் தாண்டி, நேற்று என் அலுவலகத் தோழிக்கே யாரோ அனுப்பியிருக்கிறார்கள். சரி, அவ்வளவு தூரம் பார்த்தவர்கள் இதையும் படித்துவிடுங்கள்.

அந்த ட்யூபில் என்ன இருந்தது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது வாய்ப்புண்ணுக்குப் பெரியவர்கள் தடவிக்கொள்கிற ஜெல். பின்பக்கம் எறும்பு எழுத்தில் கோலின் சாலிசிலேட், லிக்னோகைன் என்று போட்டிருக்கிறது. சாலிசிலேட் என்றால் ஆஸ்பிரினின் ஒன்றுவிட்ட தம்பி. பிரிட்டனில் 2009-லேயே 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த ஜெல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே சிண்ட்ரோம் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். லிக்னோகைன் மரத்துப்போக வைக்கிற சாமான். பல் முளைக்கிற குழந்தைக்கு இதைத் தடவக் கூடாது என்று அமெரிக்காவில் 2014-ல் கட்டம் கட்டி எச்சரித்தார்கள். அதிகமாக உள்ளே போனால் வலிப்பு வரலாம், இதயத்தையும் பாதிக்கும். அதே ஜாதியைச் சேர்ந்த பென்சோகைனை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விற்காதீர்கள் என்று 2018-ல் சொன்னார்கள். ரத்தத்தால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகுமாம். இத்தனையும் எதற்காக? தடவிய இரண்டு நிமிடத்தில் எச்சிலோடு வழிந்து போகிற ஒரு ஜெல்லுக்காக.

பல் முளைப்பது நோய் இல்லை. நோய் இல்லாததற்கு மருந்து எதற்கு? வீடியோ எடுத்த தம்பிக்குப் புரிகிற மாதிரி இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

"அதுக்காகப் பெரியவங்க கையிலிருந்து பிடுங்கணுமா? பதமாச் சொல்லக் கூடாதா?" என்று கேட்கிறீர்கள். நியாயம். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெல்லோடு விரல் வாயருகே வந்துவிட்டது. "சித்தி, தயவுசெய்து" என்று ஆரம்பித்து, சாலிசிலேட் என்றால் என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் அவன் சப்பி விழுங்கியே இருப்பான்.

"நம்மையெல்லாம் ஈறுல பிராந்தி தடவித்தான் வளத்தாங்க, செத்தா போயிட்டோம்?" இதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. செத்தவன் வந்து கமெண்ட் போட மாட்டான் அண்ணா.

"பாரம்பரியத்தை மதிக்கத் தெரியலை" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, இவன் கையில் முதலில் வசம்பு கட்டியது நான்தான். ராத்திரியில் அதன் பேரைச் சொல்லக் கூடாது என்பதுகூடத் தெரியும். எச்சில் வடிய அதையே கடிக்க ஆரம்பித்ததும் கழற்றி வைத்தேன். அப்புறம், நாம் பாட்டி வைத்தியம் என்று நினைக்கிற பாதி எங்கிருந்து வந்தது? கிரைப் வாட்டர் 1851-ல் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற இங்கிலீஷ்காரர் உண்டாக்கியது. அந்தக் காலத்துச் சரக்கில் சாராயம் இருந்தது. பிள்ளை ஏன் சமர்த்தாகத் தூங்கியது என்று இப்போது தெரிகிறதா? அதே இங்கிலாந்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் பாதரசம் கலந்த பொடியையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கை கால் சிவந்து, தோல் உரிந்து பிள்ளைகள் வாடின. 1950-களில் பாதரசத்தை நிறுத்திய பிறகுதான் அந்த நோயும் ஓய்ந்தது. அங்கேயும் "எங்கள் காலத்தில் எல்லோரும் இதைத்தான் கொடுத்தோம்" என்று ஒரு சித்தி சொல்லியிருப்பார்.

நான் ஒன்றும் எல்லாம் தெரிந்தவள் இல்லை. மின்சார ரயிலில் குர்லாவில் ஏறி லேடீஸ் கம்பார்ட்மெண்டில் சாமான் விற்கிற பெண்ணிடம், கம்மல் க்ளிப் வரிசைக்கு நடுவே தொங்கிய ஒரு கடிவளையத்தை ஐம்பது ரூபாய்க்கு வாங்கியவள் நான். உள்ளே நீல நிறத் தண்ணீர், அதில் குட்டி மீன்கள் மிதக்கும். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் பையன் வாயோரம் நீலமாக வழிந்தது. எந்தத் தண்ணீரோ, யாருக்குத் தெரியும்? டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் நிரப்பினது வேண்டாம், கெட்டியான ரப்பர் வளையம் வாங்கு, ஃப்ரிட்ஜில் வை, ஃப்ரீசரில் கல்லாக்காதே என்றார்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடப்பது இவ்வளவுதான். ராத்திரி இரண்டரைக்கு எழுந்திருப்பான். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு ஆள்காட்டி விரலால் கீழ் ஈறை அழுத்துவேன். நடுவில் நொய்யரிசி மாதிரி ஒரு முனை நெருடும். முதலில் தலையைத் திருப்புவான், அப்புறம் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனே கடிப்பான். கடிக்கும்போது அழுகை நின்று ஒரு முனகல் மட்டும் வரும், பூனைக்குட்டி மாதிரி. சில நாள் பழைய மல் துணியை நனைத்து, முடிச்சுப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்திருந்து கொடுப்பேன். எச்சில் வடிந்து மோவாய் சிவந்தால் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய். பத்து நிமிடம் ஆகும், சில நாள் ஒரு மணி நேரம். எதிர் வீட்டு ஆஜி, அதாவது மராத்திப் பாட்டி, பச்சைக் கேரட்டைக் கொடுக்கச் சொன்னார், துண்டு உடைந்து தொண்டையில் சிக்கும் என்றதும், "ஹோ கா?" (அப்படியா?) என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வீடியோ எடுக்கவில்லை.

ரொம்பத் தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவில். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சொட்டு மருந்து பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120. நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம். "போன தடவை அஞ்சு மில்லி கொடுத்தோமே" என்று பாட்டில் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மூன்று வருஷம் முன்னால் என் மகளுக்குப் பத்து மாதம். 103 டிகிரி காய்ச்சல். "பல்லுக் காய்ச்சல்டி, பல்லு வெளிய வந்தா தானா போயிரும்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் சிரித்த அதே வாய்கள்தான். நானும் நம்பினேன். யாரையும் குறை சொல்லவில்லை, நம்பியது நான். இரண்டு நாள் நெற்றியில் ஈரத் துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. டாக்டர் முதலில் சோதிக்கச் சொன்னது சிறுநீரை. அதில்தான் இன்ஃபெக்‌ஷன். புறங்கையில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி, ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். பல் முளைக்கும்போது உடம்பு லேசாகச் சுடலாம், 100.4-ஐத் தாண்டினால் பல்லைக் காரணம் சொல்லாதீர்கள் என்றார் அந்த டாக்டர். வயிற்றுப்போக்கும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு மேல் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, அதே நேரத்தில் பிள்ளை தவழ்ந்து தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறது. பல்லும் அப்போதுதான் வருகிறது, பழி பல் மேல் விழுகிறது. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும் வேண்டும். நாமோ "பல்லு பேதி" என்று பேர் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

அந்த ஐந்து நாளை யாரும் வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை என் கை ஏன் அப்படிப் பாய்ந்தது என்று தெரிந்திருக்கும்.

சித்தியைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவால் திருநெல்வேலியிலிருந்து வர முடியாதபோது, இரண்டு பிரசவத்துக்கும் நாற்பது நாள், காலை எட்டு மணிக்கு சயானிலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து என் பிள்ளைகளைக் குளிப்பாட்டியவர் அவர். "ஏட்டி, நான் வளக்காத பிள்ளையாட்டி?" என்று அந்த வீடியோவின் கடைசியில் கேட்கிறாரே, சிரிப்புச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அவரைக் கேலி செய்வதாக இருந்தாலும் சரி, என்னைக் கேலி செய்வதாக இருந்தாலும் சரி, அந்த வீடியோவைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நேற்று சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது வெள்ளிக் கரண்டியில் டிங் என்று ஒரு சத்தம். வந்துவிட்டது. வருகிற ஞாயிறு பல்லுக் கொழுக்கட்டை செய்கிறோம், தேங்காய்ப் பல் கீறிப் பதித்து. சித்திக்குத்தான் முதலில் மெசேஜ் போட்டேன். கூடவே அந்த ட்யூபுக்கு எண்பத்தைந்து ரூபாயும் ஜிபே பண்ணினேன், பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல். இரண்டு நீல டிக் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. கொழுக்கட்டைக்கா, எண்பத்தைந்து ரூபாய்க்கா என்று தெரியவில்லை.