செவ்வாயைப் பச்சையாக்கும் கனவும் ஒரு மொட்டைத் தீவும்

செவ்வாயை மனிதர் வாழும் இடமாக மாற்றிவிடலாம் என்று வாதிடுபவர்கள் அடிக்கடி கையில் எடுப்பது அசென்ஷன் தீவை. தென் அட்லாண்டிக் நடுவே எரிமலை கக்கிய பாறை. 1836இல் டார்வின் போய் இறங்கியபோது மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 1843இல் வந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், மலைமேல் மரம் நட்டால் மேகத்தின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார். லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டம் செடிகளை அனுப்ப, பிரிட்டிஷ் கடற்படை நட்டது. இன்று 859 மீட்டர் உயரப் பச்சை மலையின் உச்சியில் மூங்கிலும் வாழையும் மேகத்தில் நனைந்து நிற்கின்றன.

எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் ஹூக்கருக்குக் காற்று, கடல், மேகம் எல்லாம் தயாராக இருந்தன. கடந்து போன ஈரத்தை அவர் மடக்கினார், அவ்வளவே. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. துருவங்களில் அணுகுண்டு போட்டு, அங்கே உறைந்த கரியமில வாயுவைக் கிளப்பிச் சூடாக்கலாம் என்று 2015இல் எலான் மஸ்க் சொன்னார். 2018இல் ஜகோஸ்கி, எட்வர்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். துருவப் பனி, மண், எட்டக்கூடிய பாறை என எல்லாவற்றிலும் உள்ள கரியமில வாயுவை வெளியே இழுத்தாலும் அழுத்தம் பூமியில் இருப்பதில் சுமார் 2 சதவீதம்தான் வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

2024இல் வந்த யோசனை இதைவிடப் புத்திசாலித்தனமானது. செவ்வாய் மண்ணிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் நுண்ணிய குச்சிகளாக்கிக் காற்றில் தூவினால் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் கூடுமாம். கூடட்டும். மூச்சுவிட என்ன செய்வது?

காற்றுக்குக் கணக்கு வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அரிசோனாவில் பார்த்தாயிற்று. 1991இல் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு வருடம் அடைந்து கிடந்தார்கள். காடு, வயல், குட்டிக் கடல் எல்லாம் உள்ளேயே. ஆனாலும் 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 14 சதவீதத்துக்கு இறங்கி, வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவாக விட்டன. செடிகள் அதை வாங்கித் திரும்ப ஆக்சிஜன் தந்திருக்க வேண்டும். அதற்குள் சுவரின் கான்கிரீட் குடித்துவிட்டது! மொத்தமே மூன்று ஏக்கர் சொச்சம்தான் அந்த இடம். அங்கேயே சிமெண்டை மறந்துவிட்டோம்.

அசென்ஷன் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவுக்கே உரிய குட்டிப் பெரணி ஒன்று, வந்தேறிச் செடிகளின் நெருக்கடியில் அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 2010இல் ஒரு பாறை இடுக்கில் கண்டுபிடித்தார்கள். கீழே தாழ்வான பகுதியில் இப்போது எது மண்டிக் கிடக்கிறது தெரியுமா? நம் ராமநாதபுரத்துக் கண்மாய்களில் நிற்கும் அதே சீமைக் கருவேலம்.